மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரம்: அடுப்படியா, தோட்டமா, தாயமா, பழங்கதையா?

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வொரு தவணையிலும் பெற்றோர் கூட்டம் முடிந்த பின்னர் வாசலோரம் காத்துநிற்கும் சிலரின் முகம் பழகிவிட்டது. புள்ளிகளைப் பற்றிக் கேட்பவர்கள் கூட்டத்திலேயே கேட்டுவிடுவார்கள். வாசலில் நிற்பவர்களின் கவலை வேறு. "சேர், புள்ள வீட்டுல எங்களோட பேசுறதே இல்ல, என்ன செஞ்சா சரியாகும்?" என்று தாழ்ந்த குரலில் தொடங்குவார்கள். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, சிலர் வீட்டுத்தோட்டம் போட்டிருக்கிறார்கள், சிலர் கடனுக்குக் கரம் போர்ட் வாங்கியிருக்கிறார்கள், சிலர் ஞாயிறுதோறும் விசேடச் சமையல் செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றுட் பல மூன்று நான்கு வாரங்களுக்குள் நின்றுபோயின. நின்றதற்குக் காரணம் அந்தக் குடும்பங்களின் அக்கறைக் குறைவன்று என்பதும், அவரவர் வீட்டுக்குப் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்ததே என்பதும் பல வீடுகளுக்குச் சென்றுவந்த என் உறுதியான எண்ணம். ஆகவே வழக்கமாகச் சொல்லப்படும் ஐந்து வழிகளை நம் மலையக வீடுகளின் நிலைமையோடு பொருத்தி இங்கே ஒப்பிட்டிருக்கிறேன்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல், அந்தச் செயலுக்காக வீட்டில் யாருடைய ஓய்வு செலவாகிறது என்பதாகும். கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் விடியுமுன் எழுந்து, காலைக்கும் பகலுக்குமான உணவைச் சமைத்து, சிறு குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, மாலை நிறுவை முடித்துத் திரும்பும்போது, விறகும் தண்ணீரும் இரவுச் சாப்பாடும் அவருக்காகக் காத்திருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் "குடும்பமாகச் சேர்ந்து செய்வோம்" என்று தொடங்கும் எதுவும், அதற்கான ஆயத்தத்தையும் அது முடிந்த பின் ஒதுங்கவைப்பதையும் சத்தமில்லாமல் அவர் தலையிலேயே சுமத்திவிடக்கூடும். எல்லோரும் மகிழ்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையின் இரவில் ஒருவர் மட்டும் பீலியடியில் (தண்ணீர்க் குழாயடியில்) குந்தியிருந்து பாத்திரம் தேய்ப்பாரானால், உறவை வளர்த்த நாளென்று அந்த நாளை அவரால் நினைக்க முடியாது. மற்றவர்களிடம் அவர் எரிந்து விழுவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

இரண்டாவது, இடமும் வானிலையும். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்குரிய பழைய காம்பரா (அறை) பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவானது. இஸ்தோப்பையும் (முன் திண்ணையையும்) அடுப்படியையும் சேர்த்தாலும் ஐந்தாறு பேர் கால்நீட்டி உட்கார இடம் போதாது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளியில் எதையும் நிம்மதியாகச் செய்ய விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டின் இறுதி மாதங்களே பெருமழைக் காலம்.

மூன்றாவது செலவு. நான்காவது, ஐந்து வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பையனும் எழுபது வயது அப்பாயியும் ஒரே நேரத்தில் பங்கெடுக்க முடியுமா என்பது. கடைசியாக, காய்ச்சலாலோ பரீட்சையாலோ இரண்டு வாரம் தடைப்பட்டால், இழப்பில்லாமல் மீண்டும் தொடங்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். தொடங்கும் உற்சாகத்தில் இந்தக் கடைசிக் கேள்வியை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

## சேர்ந்து சமைத்தல்

செலவைப் பொறுத்தவரை இதற்கு நிகரான வழி இல்லை. இரவுச் சாப்பாடு எப்படியும் சமைக்கப்பட வேண்டியதே என்பதால், புதிதாகப் பொருளும் வேண்டாம், புதிதாக நேரமும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். நாள்தோறும் சமைப்பவர் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்களே வேலையைச் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் வீட்டில் நான் கண்டதைச் சொன்னால் இது விளங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தை, ஒரு தட்டத்தில் கோதுமை மாவைக் கொட்டி ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தார். தண்ணீர் கூடிப்போய் மாவு விரலெல்லாம் ஒட்டிக்கொள்ள, ஒரு கையால் மற்றக் கையை வழித்து எடுத்துக்கொண்டே இன்னொரு பிடி மாவை அள்ளிப் போட்டார். மகள் திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவினாள். அண்ணன் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் அரிந்தான், சில துண்டுகள் பெரிதாகவே விழுந்தன. தாய், கொழுந்துச் சாறேறிக் கறுத்த விரல்களை மடியில் வைத்து, அடுப்பின் சூட்டுக்குக் கால்களை நீட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உப்பு போதாது என்றதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பிசைந்த மாவை மூடிவைத்த கால்மணி நேரத்தில், கணக்குப் பரீட்சையில் தான் தவறிவிட்டதை அந்தப் பிள்ளை சொன்னாள். தலை நிமிராமல், தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதே செய்தியை வகுப்பில் எதிரே நிறுத்திக் கேட்டபோது அவளிடமிருந்து என்னால் ஒரு சொல்லும் பெற முடியவில்லை. கைக்கு ஒரு வேலையும், பார்ப்பதற்கு எதிராளியின் கண்களைத் தவிர வேறொன்றும் இருந்தால், பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது. இதை அன்று அந்த அடுப்படியில்தான் நான் சரியாக உணர்ந்தேன்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. புகைபோக்கியில்லாத அடுப்படியில் நான்கு பேர் நெருங்கி நிற்பது இருமலுக்கும் கண்ணெரிச்சலுக்கும் வழி. ஆகவே பிசைவது, துருவுவது, அரிவது முதலியவற்றை இஸ்தோப்புக்கு மாற்றி, சுடுவதற்கு மட்டும் ஒருவர் உள்ளே நிற்பது நல்லது. சிறு பிள்ளைகளைக் கொதிக்கும் எண்ணெய்க்கும் கொதிநீருக்கும் அருகில் விடக்கூடாது. தொடக்கத்தில் வேலை இரட்டிப்பு நேரம் எடுக்கும், மாவும் கொஞ்சம் வீணாகும். இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, "பொம்பள வேலைய ஆம்பள செய்யிறதா" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும் பேச்சு. இரு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் மட்டுமே உள்ள லயத்தில் அந்தப் பேச்சுக்குக் காதை மூடிக்கொள்ள முடியாது. அதைத் தாங்கும் மனவுறுதி தந்தைக்கு இருக்கிறதா என்று கணவனும் மனைவியும் முன்னமே பேசிக்கொள்ள வேண்டும். நானறிந்த வீடுகளில் ஓரிரு மாதங்களில் அந்தப் பேச்சு தானாகவே அடங்கிப்போயிற்று.

வாரத்தில் ஒரே நாளானாலும் போதும். ஞாயிற்றுக்கிழமையில் ஆடம்பரமாகச் செய்வதைக் காட்டிலும் புதன்கிழமை இரவு ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்வது மேல். விருந்துச் சமையலில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள், எளிய சமையலில் அவர்களுக்கு உண்மையான வேலை கிடைக்கும்.

## வீட்டுத்தோட்டம்

எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பலன் கண்முன் தெரியும், காய்கறிச் செலவு குறையும், மண்ணோடு பிறந்து வளர்ந்த நமக்குக் கைவந்த வேலையும்கூட. இருந்தும் என் பட்டியலில் இதற்கு முதலிடம் இல்லை. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது நிலம். லயத்தைச் சூழ்ந்த நிலம் பொதுவாகத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருப்பது, ஆதலால் பாத்தி வெட்டுமுன் ஒரு சொல் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். லயத்துக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஒரு வீடு தரும் தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி பெற்றவர்களின் நிலைமை வேறு. ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி என்பதால் மொத்தம் 1,900 சதுர அடி கிடைக்கிறது. 550 சதுர அடி வீட்டையும் மலசலகூடத்தையும் நடைபாதையையும் கழித்தாலும், ஒரு குடும்பத்துக்குப் போதுமான கீரையும் போஞ்சியும் விளைவிக்க இடம் மிஞ்சும். ஆனால் வீட்டின் பின்புறச் சரிவை வெட்டித் தட்டாக்கும் யோசனை எவருக்கும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததைக் கண்டவர்கள் நாம். இருக்கிற சமதரையிலும், அது இல்லாவிட்டால் பழைய உரச்சாக்குகளிலும் வாளிகளிலும் நட்டால் போதுமானது.

இரண்டாவது மண். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். காரகாடித்தன்மை (pH) 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் அது செழிக்கும், பெரும்பாலான மரக்கறிகளுக்கோ அந்த அமிலம் அதிகம். தேயிலை நின்ற இடத்தில் நட்ட போஞ்சி மஞ்சளித்துப்போவதைப் பார்த்துப் பிள்ளைகள் மனமுடைவதற்கு முன்னரே, அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி, மாட்டெருவும் இட்டு, சில வாரம் மண்ணைப் பண்படுத்த வேண்டும். இது தெரியாமல் தொடங்கிய வீடுகளில் முதல் முயற்சியே கடைசி முயற்சியாகிவிட்டது.

மூன்றாவது, நான் சொன்ன முதன்மையான அளவுகோல். பாத்தி வெட்டுவதும் விதைப்பதும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், எல்லோரும் இருப்பார்கள், படமும் எடுப்பார்கள். திங்கள் முதல் சனி வரை பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவது யார்? களை பிடுங்குவது யார்? பகலெல்லாம் மலையில் குனிந்து நிமிர்ந்த ஒருவர் அந்தி வேளையில் மறுபடியும் குனிவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் முறையைக் கிழமை நாட்களுக்குப் பெயர் போட்டு எழுதி, அந்தப் பட்டியலில் தாயின் பெயரை விட்டுவிடும் குடும்பங்களுக்கே தோட்டத்தைப் பரிந்துரைப்பேன்.

இவற்றோடு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு என்று காடு ஓரமாயுள்ள தோட்டங்களுக்குத் தனித் தொல்லை உண்டு. மூன்று மாதம் வளர்த்த கிழங்கை ஓரிரவில் பன்றி கிளறிப்போட்டால் அந்தக் குடும்பத்தின் ஏமாற்றம் சிறிதன்று. வேலி கட்டும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதை நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். லீக்ஸ் நான்கைந்து மாதம் எடுக்கும், கரட்டுக்கும் மூன்று மாதமாவது வேண்டும். பிள்ளைகளின் பொறுமை அவ்வளவு நீளாது. ராபு ஒன்றரை மாதத்திலும் கீரை அதற்கும் முன்னரும் பறிக்கலாம், குளிர் மிகுந்த இடங்களில் சில நாள் கூடும். போஞ்சி இரண்டு மாதமளவில் காய்க்கும். அது கொடியாகக் கம்பில் ஏறுவதால் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். நுவரெலியாப் பக்கத்தில் சனவரி, பெப்ரவரிப் பனி இளஞ்செடியைக் கருக்கிவிடும். பனி விட்டபின் நட்டு, யூன் மாதக் காற்றுக்கு முன் பறித்துவிடும்படி திட்டமிடுவது மேற்குச் சரிவில் உள்ளவர்களுக்கு ஏற்றது.

இவ்வளவு குறை சொன்ன பின்பும், ஒரு வகைக் குடும்பத்துக்குத் தோட்டத்தைப் போல் உதவுவது வேறில்லை. பேசினாலே சண்டையில் முடிகிற தந்தையும் வளர்ந்த மகனும் உள்ள வீடு அது. மண்வெட்டி பிடித்தபடி ஒரே பாத்தியின் இரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பேச வேண்டிய கட்டாயமில்லை. வேலை நடுவில் வந்து சந்திக்கும்போது, அந்தக் கல்லை இந்தப் பக்கம் புரட்டு என்ற அளவிலாவது ஒரு சொல் பிறக்கும். சில வீடுகளில் தொடக்கத்துக்கு அந்த அளவே போதும்.

## தாயம், கரம் முதலிய விளையாட்டுகள்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களைப் பலர் கசப்போடு நினைக்கிறார்கள், அது நியாயமே. அந்த இருட்டில்தான் எத்தனையோ வீடுகளில் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் தாயக்கட்டம் கீறப்பட்டது என்பதையும் நினைவில் வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த அக்காலத்தில், ஒரே விளக்கைச் சுற்றி மூன்று தலைமுறையும் உட்கார்ந்தது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டையும் வேண்டாம். கணக்குக் கூட்டத் தெரிந்த சிறுபிள்ளையும் கண் மங்கிய அப்பாயியும் சமமாக ஆடக்கூடிய விளையாட்டு அது. வெல்வதில் பாதி அதிர்ஷ்டம் என்பதால் சிறியவர்களுக்கும் வெற்றி கிடைக்கும், பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதாக நடிக்க வேண்டியதில்லை. ஆடுபுலி ஆட்டம் இதற்கு மாறானது. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் இடையிலான அந்த ஆட்டத்தில் யோசனையே எல்லாம். தாத்தாவும் பேரனுமாக இருவர் மட்டும் நெருங்குவதற்கு அது சிறந்தது, குடும்பம் முழுவதற்கும் பொருந்தாது.

கரம் போர்டுக்குப் பணம் வேண்டும், ஆடுபலகையே 74 சென்ரிமீற்றர் சதுரமாகையால் இடமும் வேண்டும். ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் ஆட முடியாது. பெரும்பாலும் பயிற்சி மிகுந்த அண்ணன்மாரே தொடர்ந்து வெல்வார்கள். இரண்டு வாரத்தில் லயத்திலுள்ள இளைஞர்கள் கூடி, விளையாட்டு வீட்டுக்காரரின் கையைவிட்டுப் போய்விடும். பந்தயம் வைத்து ஆடும் பழக்கமும் அதன் வழியே நுழையக்கூடும். இளைஞர் கூடுவது தீதென்று சொல்ல வரவில்லை, ஆனால் குடும்பத்துக்கென்று வாங்கியது குடும்பத்துக்குப் பயன்படாமற் போகும்.

ஓய்வு யாருடையது செலவாகிறது என்று பார்த்தால் தாயம் மிக உயர்ந்து நிற்கிறது. ஆயத்தமும் இல்லை, கழுவித் துடைப்பதும் இல்லை. உட்கார்ந்தபடியே ஆடலாம், தூக்கம் வந்தால் நிறுத்திவிடலாம், ஒரு மாதம் விட்டுத் தொடங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் ஆட்டத்தின்போது பேச்சு ஆட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். மனம் திறப்பதற்கு இது ஏணியின் முதற்படி என்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## பெரியவர்களின் கதையைக் கேட்டு எழுதிவைத்தல்

செலவு ஒரு கொப்பியும் பேனாவும், அல்லது கையிலுள்ள தொலைபேசியின் ஒலிப்பதிவு. வேறெதிலும் சேராமல் மூலையில் தொலைபேசியோடு ஒதுங்கும் பதினாறு வயதுப் பிள்ளையை, அந்தத் தொலைபேசியோடு சேர்த்தே உள்ளே இழுக்கக்கூடிய ஒரே வழி இது என்பதால், உயர் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதை வலியுறுத்துகிறேன். பதிவு செய்யும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

நம் வீடுகளில் இந்த வழிக்குத் தனி வலிமையும் உண்டு. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொடங்கிய நம் முன்னோரின் வருகையின் 200 ஆண்டு நிறைவை 2023 இல் நினைவுகூர்ந்தோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் சென்றார்கள். ஆயினும் தன் வீட்டுத் தாத்தா எந்தத் தோட்டத்தில் பிறந்தார், ஏன் இந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று கேட்டால் என் வகுப்பில் கையுயர்த்துபவர்கள் மிகச் சிலரே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாயிருந்த நம்மவருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. பாடநூலில் எண்ணாக இருக்கும் இது, வீட்டில் இந்தியாவின் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போன பெரியப்பாவாகவும், தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் மஞ்சளித்த கடிதமாகவும் இருக்கிறது.

அந்தப் பெட்டியைத் திறப்பதில்தான் மறைவான செலவும் உள்ளது. ஒரு வீட்டில், பேரன் உற்சாகமாகப் பதிவு செய்யத் தொடங்க, கோச்சியில் (ரயிலில்) ஏறிப்போன தங்கையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் அன்று அவர் எதுவும் பேசவில்லை. பையன் தொலைபேசியை அணைத்துவிட்டு அவருக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். மறுவாரம் அவரே கூப்பிட்டு மீதியைச் சொன்னார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்வதற்கில்லை. வலி மிகுந்த நினைவுகளைக் கிளறிவிட்டு, பரீட்சை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவதானால் தொடங்காதிருப்பதே நல்லது.

"பழைய கதை சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் அறிவுரைதான் கிடைக்கும், பிள்ளைகள் இரண்டாம் நாளே நழுவிவிடுவார்கள். சிறிய, குறிப்பான கேள்விகள் வேண்டும். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், அந்நாளில் நம் லயத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, காமன் கூத்தில் உங்கள் காலத்தில் ரதி வேடம் கட்டியவர் யார், தொட்டிலாட்டும்போது என்ன பாடினீர்கள் என்பன போன்ற கேள்விகளுக்குப் பதில் கதையாகவே வரும். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதுமானது. மாசி, பங்குனியில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் காலம் இதற்கு மிகவும் வாய்ப்பானது, தப்புச் சத்தம் கேட்டாலே பெரியவர்களுக்கு நினைவு ஊறும்.

## சேர்ந்து தொலைக்காட்சி பார்த்தல்

இதைக் குடும்ப ஈடுபாடாகக் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. எனினும் களைத்து வந்த தாய்க்கு உண்மையான ஓய்வு தருவது தொடர்நாடகம் ஓடும் அந்த அரை மணி நேரமே என்றால், அதைப் பறித்து அவ்விடத்தில் வேறொன்றை வைப்பது அநீதி. அதை அவருக்கே விட்டுவிட்டு வேறு நேரத்தைத் தேடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | யார் ஓய்வு செலவாகிறது | செலவு | இடமும் வானிலையும் | எல்லா வயதினரும் | தடைப்பட்டால் |
|---|---|---|---|---|---|
| சேர்ந்து சமைத்தல் | தாய் உட்கார்ந்தால் எவருடையதும் இல்லை, இல்லாவிட்டால் தாயுடையது | புதிதாக இல்லை | மழையிலும் முடியும், புகையே சிக்கல் | ஐந்து வயதுக்கு மேல் | உடனே தொடங்கலாம் |
| வீட்டுத்தோட்டம் | கிழமை நாட்களில் பெரும்பாலும் தாயுடையது | விதை, டொலமைட், வேலி | நிலம் வேண்டும், பருவமழை தடுக்கும் | முதியோருக்குக் கடினம் | பயிர் அழியும் |
| தாயம் | எவருடையதும் இல்லை | இல்லை | எங்கும் ஆடலாம் | எல்லோரும் | இழப்பில்லை |
| கரம் | எவருடையதும் இல்லை | போர்ட், காய்கள் | இடம் வேண்டும் | நால்வர் மட்டும் | இழப்பில்லை |
| கதை எழுதிவைத்தல் | பெரியவரின் மனச்சுமை | ஒரு கொப்பி | எங்கும் முடியும் | வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறப்பு | இழப்பில்லை, ஆனால் பெரியவர் வயதைப் பார்க்க வேண்டும் |
| தொலைக்காட்சி | எவருடையதும் இல்லை | ஏற்கெனவே உள்ளது | மின்சாரம் வேண்டும் | எல்லோரும் | இழப்பில்லை |

## எந்த வீட்டுக்கு எது

தாயும் தந்தையும் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிள்ளைகள் ஆரம்ப வகுப்பில் படிக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு நாள் சேர்ந்து சமைப்பதையே முதலில் சொல்வேன். மற்ற நாட்களில் விருப்பமிருந்தால் தாயம் ஆடட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கோ சாதாரண தரத்துக்கோ பிள்ளை ஆயத்தமாகும் ஆண்டில் வீட்டுத்தோட்டத்தைத் தொடங்குவது சரியன்று. அந்த ஆண்டில் சமையல் மட்டும் போதும், அதையும் அரை மணி நேரமாகக் குறைக்கலாம். படிப்பைக் காரணம் காட்டி முற்றாக விலக்கிவிட்டால், பரீட்சை முடிந்ததும் பிள்ளை திரும்பி வருவதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன்.

மாலையில் தவறணை (மதுக்கடை) பக்கம் போகும் பழக்கமுள்ள தந்தை இருக்கும் வீடுகளைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. அங்கே என்ன செய்வது என்பதைவிட எப்போது செய்வது என்பதே முக்கியம். அவர் வேலை முடித்து வீட்டுக்கு வந்து முகம் கழுவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் கையில் ஒரு வேலை கொடுக்கப்பட வேண்டும், இரவு எட்டு மணிக்கு வைத்த எதுவும் அங்கே நிலைக்காது. கத்தியும் நெருப்பும் சேரும் சமையலைவிடப் பகல் வெளிச்சத்தில் நடக்கும் தோட்ட வேலை அந்த வீட்டுக்குப் பாதுகாப்பானது. அடிதடியும் அச்சமும் உள்ள வீட்டுக்கோ இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் தாயும் பிள்ளைகளும் உதவி தேட வேண்டும்.

தந்தை கொழும்பில் கடையில் நின்று மாதம் ஒரு முறை வரும் வீடுகளில், அவர் வந்த நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க முயல்கிறார்கள். அவருக்கென்று ஒரு சிறு வேலையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ரொட்டிக்கு மாவு பிசைவது அப்பாவின் வேலை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், அவர் வராத வாரத்திலும் அந்த இடம் அவருடையதாகவே இருக்கும்.

தாய் மத்திய கிழக்குக்குப் போயிருக்கும் வீடு என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. நாட்டைவிட்டுப் போனவரைச் சேர்க்காமல் செய்யும் எதுவும், அவரில்லாமலே வாழப் பழகுவதாகப் பிள்ளைகளுக்கும் அவருக்கும் தோன்றிவிடக்கூடும். குவைத், கட்டார், சவூதி ஆகிய நாடுகளின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே மாலை ஐந்து, வீட்டு வேலை செய்பவருக்கு ஓயாத நேரம். அவர் ஓய்ந்து அழைக்கும்போது இங்கே பத்தும் பதினொன்றும் ஆகிப் பிள்ளை தூங்கிவிடும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய வீடியோ அழைப்பை மட்டும் நம்பாமல், வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்துவதே என் பரிந்துரை. இதற்குக் கதை வழியும் தோட்ட வழியும் சேர்ந்து பொருந்துகின்றன. பிள்ளை மாலையில் ஒரு கேள்வி அனுப்பட்டும், தாய் இரவு படுக்குமுன் அதற்கு ஒரு கதையைப் பதிலாக அனுப்பட்டும், அதைப் பிள்ளை காலையில் கேட்டுவிட்டுப் பாடசாலைக்கு வரட்டும். பரீட்சைப் புள்ளி, பணம், பாட்டியின் முறைப்பாடு ஆகியவற்றுக்கு அந்தப் பதிவில் இடம் வேண்டாம், அவற்றைப் பெரியவர்கள் தனியே பேசிக்கொள்ளலாம். என் வகுப்பிலுள்ள ஒரு சிறுமி, சாக்கில் நட்ட போஞ்சி எந்தக் கணு வரை ஏறியது என்பதைக் கம்பை எண்ணிப் பார்த்துத் தினமும் தன் தாய்க்குச் சொல்லி அனுப்புகிறாள். காற்றில் கொடி அறுந்த அன்றைக்கு, கீழே இன்னொரு தளிர் வந்திருக்கும், பார் என்று தாய் அனுப்பிய பதினொரு விநாடிப் பதிவை அவள் என்னிடமும் போட்டுக் காட்டினாள்.